ஜக்கம்மாள் பாதியில் விட்ட ஆட்டம்

ஜக்கம்மாளை யாருக்கும் பிடிக்காது. கூட வேலை பார்ப்பவர்களுக்குப் பிடிக்காது, தெருக்காரர்களுக்குப் பிடிக்காது, அவள் நடுவராக நின்ற ஆட்டங்களில் ஜெயித்தவர்களுக்குக்கூடப் பிடிக்காது. வேடசந்தூர் ரோட்டில் ஒரு நூல் மில்லில் அவளுக்கு வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் விசிலை மாட்டிக்கொண்டு ஊர் ஊராகக் கபடி ஆட்டங்களுக்கு நடுவராகப் போவாள். போன இடத்தில் எல்லாம் ஒரு சண்டையை விட்டுவிட்டுத்தான் திரும்புவாள்.

சின்ன வயதில் மாவட்ட அணிக்கு ஆடியவள். ஒரு ஆட்டத்தில் வலது முழங்கால் திருகிக்கொண்டது. அன்றைக்கே உட்கார வைத்திருந்தால் சரியாகியிருக்கும். கோச் துணியைச் சுற்றி மறுபடியும் உள்ளே அனுப்பினார். அதுதான் அவள் ஆடிய கடைசி ஆட்டம். இன்றைக்கும் படியேறுவதென்றால் கைப்பிடி வேண்டும். அதனால் அடிபட்டவனை ஆட விடுகிறவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது. ஆகாது என்பதை நல்ல வார்த்தையில் சொல்லவும் அவளுக்கு வராது.

சாணார்பட்டிக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் திருவிழாவை ஒட்டி ஆட்டம் வைத்தார்கள். விழாக் கமிட்டித் தலைவர் சோலைமுத்து, தேங்காய் வியாபாரி. வேறு நடுவர் கிடைக்காமல் கடைசியில் இவளுக்குப் போன் போட்டார்.

"வாரேன்ணே. ஆனா களத்துக்குப் பக்கத்துல ஒரு வண்டி நிக்கணும். முதலுதவி தெரிஞ்ச ஆளு ஒருத்தர் இருக்கணும்."

"எல்லாம் இருக்கும்மா. நீ வந்து சேரு."

போய்ப் பார்த்தால் வண்டியும் இல்லை, ஆளும் இல்லை. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் மேல் கொஞ்சம் பஞ்சு, டிஞ்சர், பாதி தீர்ந்துபோன வலி ஸ்ப்ரே.

"வண்டி எங்கண்ணே?"

"போன் போட்டா ஆம்புலன்ஸ் வந்துட்டுப் போகுது. இம்புட்டு வருசமா ஆடுறோம், யாருக்கு என்ன ஆயிருச்சு?"

மைக்கில் அணிகளின் பேரை வாசிக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஜக்கம்மாள் முறைத்துக்கொண்டே களத்துக்குள் இறங்கினாள்.

இறுதி ஆட்டத்துக்கு உள்ளூர் அணியும் திண்டுக்கல் டவுன் அணியும் வந்தன. உள்ளூர் அணியின் பெரிய துருப்புச்சீட்டு முகேஷ்குமார். சோலைமுத்துவின் தங்கை மகன். பாடிப் போனால் ஆளைத் தொடாமல் திரும்ப மாட்டான் என்று பேர். டவுன் அணிக்குக் கேப்டன் பைசல். பேகம்பூர்க்காரன், மாமாவின் தோல் குடோனில் வேலை பார்க்கிறவன். ஜெயிக்கிற அணிக்குக் கோப்பையோடு ஒரு கிடாயும் உண்டு. கிடா களத்து ஓரத்தில் மாலையோடு கட்டிக் கிடந்தது.

இரண்டாவது பாதியில் உள்ளூர் அணி பின்தங்கியிருந்தது. முகேஷ்குமார் பாடிப் போனான். ஒருவன் கணுக்காலைப் பிடித்தான், இன்னொருவன் இடுப்பைக் கட்டினான். எகிறித் தப்பப் பார்த்தவன் தலைகுப்புற விழுந்தான். தண்ணீர் தெளிக்காமல் காய்ந்து கிடந்த இடம் அது. சத்தம் கயிற்றுக்கு வெளியே நின்றவர்களுக்கும் கேட்டது.

"விடுங்கடா!" என்று முதலில் கத்தியது பைசல்.

முகேஷ்குமார் எழுந்துவிட்டான். கூட்டம் கை தட்டியது. மண்ணைத் தட்டிக்கொண்டு நேராக நடந்துபோய் டவுன் அணியில் அவுட்டானவர்கள் உட்காரும் வரிசையில் உட்கார்ந்தான். வேடிக்கை காட்டுகிறான் என்று எல்லோரும் சிரித்தார்கள். ஜக்கம்மாள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு அவன் முன்னால் போய்க் குனிந்தாள்.

"தம்பி, இப்ப யாரோட ஆடிக்கிட்டு இருக்கோம்?"

காலையில் அவர்களிடம் தோற்றுப்போன வேறொரு அணியின் பேரைச் சொன்னான்.

"பாயிண்ட் எம்புட்டு?"

"நான் இன்னும் உள்ள எறங்கவே இல்லையேக்கா" என்றான். செத்த நேரம் கழித்து அவள் கேட்காமலே அதையே மறுபடியும் சொன்னான்.

அவள் நிமிர்ந்தாள். "இவரு இனி ஆடக்கூடாது. மாத்து ஆளை எறக்குங்க. இவரை உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க."

அவ்வளவுதான். கயிற்றைத் தாண்டிக்கொண்டு ஆட்கள் உள்ளே வந்தார்கள். ஒருவன் சோடாவை உடைத்து முகேஷ்குமாரின் முகத்தில் அடித்தான். சோலைமுத்து அவன் தோளைப் பிடித்து எழுப்பி நிறுத்தினார்.

"நிக்கிறான், நடக்கிறான், பேசுறான். இவனுக்கு என்னம்மா?"

"தலையில அடிண்ணே. உள்ள என்னன்னு வெளியே தெரியாது."

"மில்லுல நூல் சுத்துறவ டாக்டராயிட்டாடோய்!" என்று பின்னால் இருந்து ஒரு குரல். "டவுன்காரன்ட்ட என்னத்த வாங்குனா, கேளுங்கடா!" என்று இன்னொன்று. ஒரு தண்ணீர் பாட்டில் பறந்து வந்து அவள் தோளில் பட்டது. அவள் முகேஷ்குமாரின் கையைப் பிடித்து உட்கார வைக்கப் பார்த்தாள். அவன் உதறினான்.

"நான் நல்லாத்தான் இருக்கேன். யாரு நீ?"

அதற்கும் கூட்டம் சிரித்தது. சோலைமுத்து மைக்கை வாங்கினார். "ஊர் மக்களுக்கு அறிவிப்பு. நடுவரை மாத்துறோம். கடைசிப் பாட்டு கணக்குல இல்ல. ஆட்டம் தொடரும்."

ஜக்கம்மாளுக்குக் கோபம் தலைக்கேறியது. விசிலைக் கழுத்திலிருந்து பிடுங்கி அவர் காலடியில் எறிந்தாள். "நீங்களே ஊதிக்கங்க. செத்தா எனக்குச் சொல்லி விடாதீங்க!" பையை எடுத்துக்கொண்டு நொண்டிக்கொண்டே நத்தம் ரோட்டுப் பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் விசிலடித்து வழியனுப்பினார்கள்.

மண்ணில் கிடந்த விசிலை எடுத்தவர் துணை நடுவர் அழகுராஜா. பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். பெண் எடுத்தது இந்த ஊரில். யார் முகத்தையும் பார்க்காமல் களத்துக்கு நடுவில் வந்து நின்றார்.

பைசல் அவரிடம் போனான். "சார், அவனை உள்ள விடாதீங்க. வேணும்னா நாங்க தோத்துட்டோம்னே சொல்லிட்டுப் போறோம்."

"கமிட்டி சொல்லுது தம்பி. நான் என்ன பண்ண?"

"ஏலே, தோத்துருவோம்னு பயமா?" என்றார் சோலைமுத்து. "தோக்குறதுன்னா ஆடித் தோத்துட்டுப் போ."

பைசல் தன் ஆட்களைக் கூட்டி வைத்துச் சொன்னான். "அவன் பாடி வந்தா ஒருத்தனும் கை வைக்கக் கூடாது."

"பைசலு, கிடா போயிரும்டா" என்றான் ஒருவன்.

"போகட்டும். அவனைப் பிடிச்சு நீ கீழ போடுவியா? நான் போட மாட்டேன்."

முகேஷ்குமார் கபடி கபடி என்று கோட்டைத் தாண்டினான். டவுன் அணி முழுவதும் பின்கோட்டு வரை நகர்ந்து கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றது. அவன் ஒருவனைத் தொட்டான். இன்னொருவனைத் தொட்டான். யாரும் அசையவில்லை. முதலில் ஆரவாரம் போட்ட கூட்டம் மெல்ல அடங்கியது. என்ன நடக்கிறதென்று புரிந்ததும் கொதித்தது.

"பிச்சையாடா போடுறீங்க? எங்க ஊருக்கா பிச்சை போடுறீங்க?"

ஒரு செருப்பு வந்து விழுந்தது. பிறகு ஒரு கல். பைசல் நெற்றியில் பட்டுத் தெறித்தது. அவன் கட்டிய கையை எடுக்கவில்லை.

முகேஷ்குமார் திரும்பி ஓட வேண்டும். ஓடி நடுக்கோட்டைத் தொட்டால் பாயிண்ட் எல்லாம் அவனுக்கு. அவன் ஓடவில்லை. எந்தப் பக்கம் போவதென்று தெரியாதவன் போல நின்றான். பாட்டு இழுத்தது, குழறியது, நின்றது. வீட்டுக் கூடத்தில் உட்காருவதுபோல அங்கேயே உட்கார்ந்தான். வாந்தி எடுத்தான். அப்படியே ஒருக்களித்துச் சரிந்தான்.

பைசல்தான் முதலில் ஓடினான். யாரோ ஆம்புலன்ஸுக்குப் போன் போட, அதற்குக் காத்திருக்காமல் டவுன் அணி வந்த வேனிலேயே தூக்கிப் போட்டார்கள். சோலைமுத்துவும் ஏறிக்கொண்டார். வேன் திரும்பும்போது, கூட்டத்தின் கடைசியில் நின்று எதையும் பார்க்காதவர்கள், டவுன்காரர்கள் தப்பித்து ஓடுகிறார்கள் என்று நினைத்துக் கல்லெறிந்தார்கள். பின்கண்ணாடி நொறுங்கி முகேஷ்குமாரின் கால்மேல் கொட்டியது.

"ஏலே, நம்ம பயடா உள்ள இருக்கான்!" என்று சோலைமுத்து போட்ட சத்தம் வெளியே யாருக்கும் கேட்கவில்லை.

பஸ் ஸ்டாப்பில் ஜக்கம்மாள் நின்றுகொண்டிருந்தாள். வேன் நின்றது. "ஏறுங்கக்கா" என்றான் பைசல். நெற்றியில் ரத்தம். அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் ஏறினாள்.

சோலைமுத்து மருமகனின் தலையைத் தூக்கி மடியில் வைத்திருந்தார்.

"தலையைத் தூக்காதீங்க! கழுத்தை ஆட்டாம ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. வாந்தி தொண்டைக்குள்ள போயிரும்!"

அவர் மறுபேச்சில்லாமல் செய்தார். திண்டுக்கல் வந்து சேரும்வரை வேனுக்குள் அவள் அதட்டல் மட்டும்தான் கேட்டது.

மூளைக்கு மேலே ரத்தம் கட்டியிருந்தது. அன்றைக்கே மதுரைக்குக் கொண்டுபோய் ஆபரேஷன் செய்தார்கள். முகேஷ்குமார் பிழைத்தான். இனிக் கபடி கிடையாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வலது கை கொஞ்ச நாள் சரியாக வரவில்லை, பேச்சும் குழறியது.

ஊருக்கு ஒரு கதை தேவைப்பட்டது. அந்தப் பொம்பளை வாய் வைத்ததால்தான் பையன் விழுந்தான் என்றார்கள். செத்தால் சொல்லி விடாதே என்று சொன்னாளே, அந்த நாக்குதான் என்றார்கள். டவுன் அணி வேண்டுமென்றே ஆடாமல் நின்று ஊரை அசிங்கப்படுத்தியது என்றும் ஒரு கதை ஓடியது. பைசல் அணியை அந்தப் பக்கத்து ஊர் எதுவும் அதற்குப் பிறகு கூப்பிடவில்லை. வேன் கண்ணாடிக்கு யாரும் பதில் சொல்லவில்லை. அழகுராஜா ஜக்கம்மாளின் போனை எடுப்பதில்லை.

இதெல்லாம் அவளுக்கு உறைக்கவே இல்லை. திட்டு வாங்கிப் பழகியவள். மில்லில் யாராவது கேட்டால், "நான் அப்பவே சொன்னேன். கேக்கல. அனுபவிக்கிறானுங்க" என்று வெட்டிவிடுவாள்.

ஒரு நாள் ஷிப்ட் முடிந்து வெளியே வந்தபோது மில் கேட் பக்கத்தில் ஒருத்தி நின்றாள். முகேஷ்குமாரின் அம்மா அய்யம்மாள். ஆஸ்பத்திரியில் பார்த்த முகம். வேலை முடிந்து வந்த பெண்கள் எல்லாம் சுற்றி நின்றுவிட்டார்கள்.

"நீதான அந்த நடுவரு?"

"ஆமா. என்ன, உங்க ஊர்க்காரனுங்க சொன்னதையே நீயும் சொல்ல வந்தியா? சொல்லு."

"எங்க அண்ணன் ஒரு முட்டாப்பய" என்றாள் அய்யம்மாள். "அவனுக்குக் கோப்பை தெரியும், கிடா தெரியும், வேற ஒண்ணும் தெரியாது. கூடி நின்ன பயலுகளுக்கும் தெரியாது. உனக்குத் தெரியும்ல? எம்புள்ள மண்டையில அடின்னு உனக்குத் தெரியும்ல?"

"தெரிஞ்சுதான சொன்னேன்!"

"சொன்ன. சொல்லிட்டு ஏன் போன?" அவள் குரல் உடைந்தது. "அங்கனயே எம்புள்ளைக்கு முன்னாடி உக்காந்திருந்தா உன்னைத் தாண்டியா அவனை இழுத்துட்டுப் போயிருப்பானுங்க? உனக்கு ரோசம் வந்துருச்சு, விசிலை எறிஞ்சுட்டுப் போயிட்ட. தோத்தாலும் பரவாயில்லன்னு டவுனுப் பய நின்னான். நீ நிக்கல."

அய்யம்மாள் காறித் துப்பிவிட்டுப் போய்விட்டாள்.

அன்றைக்கு ஜக்கம்மாள் சாப்பிடவில்லை. அய்யம்மாளைத் திட்டிக்கொண்டே கிடந்தாள். திட்டி முடித்த பிறகும் அந்தக் கேள்வி அங்கேயேதான் இருந்தது.

அதற்குப் பிறகு அவளுக்கு ஆட்டம் வருவது குறைந்தது. குஜிலியம்பாறைப் பக்கம் ஒரு கமிட்டி மட்டும் விஷயம் தெரியாமல் கூப்பிட்டது. போனாள். வண்டி வந்தால்தான் விசில் என்றாள். வழக்கம்போல, வரும் வரும் என்றார்கள். இந்த முறை அவள் களத்துக்கு நடுவே கோட்டின் மேல் போய்ச் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். மைக்கில் திட்டினார்கள். கயிற்றுக்கு வெளியே ஊளையிட்டார்கள். ஒருவன் வந்து அவள் கையைப் பிடித்துத் தூக்கப் பார்த்தான். "என்னைத் தூக்கிட்டுத்தான் ஆடணும். தூக்கு பாப்போம்" என்றாள். ஆடுவதற்கு வந்திருந்த பைசலும் பக்கத்தில் வந்து, "அக்கா, பொழுது எறங்குது, ஆரம்பிங்கக்கா" என்று கெஞ்சினான்.

"உனக்கும் சேத்துத்தான்டா சொல்றேன். போய் ஓரமா உக்காரு."

கடைசியில் பக்கத்து ஊரில் இருந்து ஒரு காரில் நர்ஸம்மா ஒருத்தர் வந்தார். ஆட்டம் நடந்தது. ஒருவனுக்கு முட்டியில் தோல் பிய்ந்தது, அவ்வளவுதான். வீணாக வரவழைத்துவிட்டாள் என்று டிரைவர் புலம்பிக்கொண்டே போனார். அவளுக்கு ஒரு டீகூட யாரும் கொடுக்கவில்லை. இனி அந்தக் கமிட்டியும் கூப்பிடாது.

முகேஷ்குமாருக்கு அந்த நாளைப் பற்றி எதுவும் ஞாபகம் இல்லை. ஊர் சொன்னதுதான் அவனுக்குத் தெரியும். எப்படியோ அவள் நம்பரைப் பிடித்து, நினைத்த நேரத்துக்கு வாட்ஸப்பில் குரல் பதிவு அனுப்புகிறான். அத்தனையும் கெட்ட வார்த்தை. என் ஆட்டத்தைக் கெடுத்தவளே என்று தொடங்குவான். ஆரம்பத்தில் வந்த பதிவுகளில் வார்த்தை இழுத்து இழுத்து வந்தது, பாதி புரியாது. இப்போது ஒரு இடத்தில்கூடத் தடுக்கவில்லை. மில்லில் கூட வேலை பார்க்கும் ரோசலின், "அவன் நம்பரை பிளாக் பண்ணித் தொலையேன்" என்றாள்.

ஜக்கம்மாள் செய்யவில்லை. ஒவ்வொன்றையும் கடைசிவரை கேட்கிறாள். ஒரே ஒரு முறை மட்டும் பதில் போட்டாள்: "மாத்திரை ஒழுங்காப் போடுறியா?"

அதற்கும் ஒரு கெட்ட வார்த்தைதான் வந்தது.