மூன்று முறை பூட்டியிருந்த வீடு

துறையில் அவளுக்குக் கதவுதட்டி என்று பெயர். கேலிக்கு வைத்த பெயர்தான். பதினோரு வருடத்தில் அதுவே பதவியாகிவிட்டது. ஆராய்ச்சிக்கு வரும் இளைய டாக்டர்கள் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். கதவுதட்டி அடுத்தவருக்காகப் படிவத்தோடு வீடுவீடாகக் கதவு தட்டிக்கொண்டிருப்பாள். இப்போது வந்திருப்பவள் நாலாவது. வயது இருபத்தொன்பது. பெரிய டாக்டர் ஒருவர் மேலே உட்கார்ந்திருப்பதால் இவள் சின்ன டாக்டர்.

சின்ன டாக்டரின் கேள்வி எளிமையானது. மேட்டுத் தெருக்காரருக்குச் சர்க்கரை வந்தால் புதுச் செருப்பு வாங்கிக்கொண்டு நடக்கப் போகிறார். பள்ளத் தெருக்காரருக்கு வந்தால் காலே போய்விடுகிறது. ஏன்? முந்நூறு நோயாளிகள், பாதி மேடு, பாதி பள்ளம். வருடத்துக்கு ஒரு தரம் வீடு தேடிப் போய்ப் பார்க்க வேண்டும். இளம் ஆய்வாளர்களைக் கைதூக்கிவிடவென்றே பிறந்த ஒரு குழு இதற்கு உதவியது. உதவியோடு ஒரு தோள்பை, மன உறுதி பற்றி இரண்டு நாள் வகுப்பு, கூடவே ஒரு நிபந்தனையும் வந்தன. மூன்றாம் வருட முடிவில் இருநூற்று நாற்பது பேருக்காவது விவரம் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் ஆய்வுக்கு மூடுவிழா.

இறந்தவரையும் சேர்த்துக்கொள்ளலாம், சான்றிதழ் இருந்தால். இல்லையென்றால் மூன்று முறை போயும் வீடு பூட்டியிருந்தது என்று சீட்டு எழுதி, ‘தொடர்பில் இல்லை’ என்று கழித்துவிட வேண்டும். செத்தவன் வேறெப்படி இருப்பான்?

கெடு முடிய ஒரு வாரம். கையில் இருநூற்று முப்பத்தாறு. மேட்டுத் தெருவில் ஒருவர்கூடத் தவறவில்லை. ஓய்வுபெற்ற வங்கிக்காரர் ஒருவர் போன வருடம் ரத்த அழுத்தத்தை இன்னொரு தரம் பார்க்கச் சொல்லி அடம்பிடித்தார். தவறியது அத்தனையும் பள்ளம்.

“பள்ளத்தை விட்டுத் தள்ளும்மா. மேட்டுலயே இன்னும் கொஞ்சம் பேரைச் சேத்துக்கோ. போன் அடிச்சா எடுப்பாங்க” என்றார் பெரிய டாக்டர். வழிகாட்டியாக அந்த வருடம் அவர் காட்டிய ஒரே வழி அதுதான்.

“அப்போ எதுக்கும் எதுக்கும் சார் வித்தியாசம் பாக்குறது?”

“வித்தியாசத்தை முன்னுரைல எழுதிக்கலாம்.”

மறுநாள் காலை பூட்டிய வீட்டுச் சீட்டுகளை அள்ளிக்கொண்டு சின்ன டாக்டர் தானே கிளம்பிவிட்டாள். “வெயில்ல நீங்க எதுக்கு டாக்டர்? நான் பாத்துக்கறேன்” என்று கதவுதட்டி சொல்லிப் பார்த்தாள். எடுபடவில்லை.

முதல் வீட்டில் ஒரு சலவைக்காரி வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள். “வாங்க வாங்க. அந்த மனுசன் உயிரோட இருந்தப்ப ஒரு டாக்டர் எட்டிப் பாக்கல. இப்போ ஜோடி போட்டுக்கிட்டு வர்றீங்க.”

“வீடு பூட்டியிருந்துச்சும்மா” என்றாள் சின்ன டாக்டர்.

“பின்ன, தொறந்து போட்டுட்டா வேலைக்குப் போவேன்?”

திட்டிக்கொண்டேதான் சான்றிதழைத் தேடி எடுத்துக் கொடுத்தாள். மத்தியானத்துக்குள் இன்னும் இரண்டு கிடைத்தன. இருநூற்று முப்பத்தொன்பது.

“இன்னும் ஒண்ணே ஒண்ணுக்கா! தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி, தகரக் கதவு” என்று சீட்டைப் படித்தாள் சின்ன டாக்டர்.

தகரக் கதவு பூட்டித்தான் இருந்தது. பக்கத்து வீட்டில் விசாரிக்கலாம் என்று சின்ன டாக்டர் திரும்பினாள். கதவுதட்டி இடுப்பிலிருந்து சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தாள்.

“அக்கா?”

“என் வீடுதான் டாக்டர். எங்க வீட்டுக்காரர்தான் உங்க நூத்திப் பதினேழு.”

ஆய்வுக்கு ஆள் எடுத்த குலுக்கலில் அவர் பெயர் விழுந்தபோது அவள் வாயைத் திறக்கவில்லை. வேலை செய்பவர்களின் உறவு ஆய்வில் இருக்கக் கூடாது என்பது விதி; இருந்தால் காசில்லாமல் ரத்தம் பார்ப்பார்கள் என்பது அவள் ஆசை. முதல் வருடம் பார்த்தார்கள். இரண்டாம் வருடப் படிவத்துக்கு அவர் இல்லை. ‘இறந்தார்’ என்ற கட்டத்தில் அவள்தான் குறி போட வேண்டும்.

“கை வரல டாக்டர். பூட்டியிருக்குன்னுதான் எழுத வந்துச்சு. பொய்யும் இல்லையே. நான் உங்ககிட்ட வேலைக்கு வந்தா வீடு பூட்டித்தானே கெடக்கும்?” நாலாக மடித்த சான்றிதழை நீட்டினாள். “இந்தாங்க, இருநூத்தி நாப்பது. யாருக்குத் தெரியப்போகுது?”

சின்ன டாக்டர் அதை வாங்கினாள். முத்திரை, தேதி, எல்லாம் சரியாக இருந்தன. பழையபடி நாலாக மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

“எனக்குத் தெரிஞ்சுபோச்சேக்கா.”

பட்டியலில் நூற்றுப் பதினேழை அடித்துவிட்டாள். அந்த வாரம் வேறு எந்த வீட்டிலும் காகிதம் கிடைக்கவில்லை.

குழுவின் கடிதம் வந்தது. துணிவைப் பாராட்டியிருந்தார்கள், வருத்தம் தெரிவித்திருந்தார்கள், மன உறுதி வகுப்புக்கு மறுபடி அழைத்திருந்தார்கள். பெரிய டாக்டர் மேட்டுத் தெருவில் புது ஆய்வு தொடங்கினார். முழுக்கத் தொலைபேசியில், தட்டக் கதவு எதுவும் இல்லை.

கடைசி நாள், கட்டிவைத்த பெட்டிகளுக்கு நடுவில் சின்ன டாக்டர் ஒரு வெற்றுப் படிவத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“எதுக்கு டாக்டர்? இனிமே இது எந்தக் கணக்குலயும் வராதே.”

“வராதுக்கா. எனக்கு வேணும். சொல்லுங்க.”

புண் வந்த மாதம், காய்ச்சல் வந்த நாள், எல்லாவற்றுக்கும் கதவுதட்டி தடுமாறாமல் பதில் சொன்னாள். அந்தக் கேள்விகளை அவள் ஆயிரம் தரம் கேட்டவள்.

“ஆஸ்பத்திரிக்குப் போகத் தாமதமானதுக்குக் காரணம்? வண்டி கிடைக்கல, பயம், துணைக்கு ஆள் இல்ல...”

“துணைக்கு ஆள் இல்ல” என்றாள் கதவுதட்டி. “அன்னிக்கு நான் மேட்டுத் தெருவுல இருந்தேன். அந்த பேங்க்காரர் ரெண்டாவது தரம் பாக்கச் சொன்னாருல்ல, அன்னிக்குத்தான்.”