மாமாவின் பைக் சாவி

எனக்கு வலிப்பு நோய் உண்டு. போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் எடை போடுகிறேன். கெங்குவார்பட்டியிலிருந்து என்னைப் பார்க்க வந்த பெண் வீட்டாரிடம் பக்கத்துக் கடை மாமா, "பயலுக்குக் காக்காவலிப்பு, யோசிச்சுக்கிருங்க" என்று சொல்லிச் சம்பந்தத்தைக் கலைத்துவிட்டார். அந்த அவமானத்தில் நான் ஒரு மேதாவித்தனம் செய்தேன். மாத்திரை போடுவதை யாரும் பார்த்துவிடக் கூடாதென்று மாத்திரையையே நிறுத்திவிட்டேன்.

எட்டாம் நாள் கடையிலேயே விழுந்தேன். மாமா ஓடிவந்து தன் பைக் சாவியை என் கையில் திணித்து, வாயில் கரண்டியைச் செருகினாராம். விழித்தபோது கையில் சாவி இருந்தது, முன்பல் இல்லை.

"மாத்திரையை நிறுத்துனதாலதான் விழுந்தீங்க. இரும்பு ஒண்ணும் செய்யாது. வாயில எதையும் வைக்கவே கூடாது, மூச்சடைச்சுப் போயிருக்கும்" என்று டாக்டர் திட்டினார்.

மறுநாள் மாமா சாவி கேட்டார். மாற்றுச் சாவியை அவர் எப்போதோ தொலைத்திருந்தார்.

"எப்பிடித் தர்றது மாமா? இரும்பை எடுத்தா திரும்ப விழுந்துருவேன்ல?"

"ஏலே, வெளையாடாத! பஸ்ஸுல தொங்கிக்கிட்டு வந்திருக்கேன்."

"அப்ப இரும்புக்கு வலிப்பு நிக்காதுன்னு கடைவீதிக்கே கேக்குறாப்புல சொல்லுங்க."

ஆறு நாள் பஸ்ஸில் தொங்கினார். ஏழாம் நாள் கத்திச் சொன்னார். நான் சாவியைக் கொடுத்தேன். என் பல்லைத்தான் அவரால் கொடுக்க முடியவில்லை.

இப்போது தினமும் காலையில் மாமாவின் கடை வாசலில் நின்றுதான் மாத்திரை போடுகிறேன், ஓட்டைப் பல் தெரியச் சிரித்துக்கொண்டே. சட்டைப்பையில் ஒரு சீட்டும் வைத்திருக்கிறேன்: "விழுந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள். கையில் வைக்கும் சாவி திருப்பித் தரப்படமாட்டாது."