கரையில் நின்ற சிவப்பு

அம்மாவை வெள்ளைச் சேலையில் அடக்கியிருக்க வேண்டும் என்று எங்கள் ஊரான பேசாலையில் சிலர் இன்னும் சொல்கிறார்கள். முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு அம்மாவின் வாழ்க்கைக் குறிப்பை எழுதித் தரச் சொன்னவரும் அவர்களில் ஒருவர்தான். பிறந்த இடம், மணம் முடித்தவர், "அமைதியே உருவானவர்" என்று அரைப் பக்கம் போதும் என்றார். அம்மா அமைதியே உருவானவர் அல்ல. அரைப் பக்கம் போதாது.

அம்மாவின் பெயர் எடித். பேசாலையில் பிறந்தார். அப்பா அந்தோனிமுத்துவும் அதே ஊர், கடற்றொழில். அம்மா கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை செய்தார். வேலை முடிந்து, படகுகள் திரும்பும் நேரம் கரைக்குப் போவார். போகும்போது சேலை மாற்றுவார். சிவப்பு, கிளிப்பச்சை, செம்மஞ்சள். மங்கலான நிறம் எதுவும் அவருக்கு ஆகாது. எங்கள் கரை மணல் வெளிறியது. அதில் சிவப்பு வெகு தூரத்துக்குத் தெரியும்.

அப்பா இறங்கியதும் என்னிடம் சொல்வார்: "ஜீபிஎஸ் என்னத்துக்கு மகள்? கொம்மா கரையில நிண்டாப் போதும், தலைமன்னார் வெளிச்சவீட்டைப் பூட்டிப்போடலாம்."

"வெளிச்சவீடு சும்மாவே எரியுது? அதுக்கும் எண்ணெய் ஊத்தோணும்," என்பார் அம்மா. "வவுனியா போனா ஒரு சீலை வாங்கி வர உங்களுக்குத் தெரியாது."

பிறகு அம்மாவுக்குக் கண் போனது. கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பைத் தின்றுவிட்டது. முதலில் பக்கங்கள் மூடின. நேரே நிற்பவர் தெரிவார், பக்கவாட்டில் நிற்பவர் தெரியமாட்டார். போன பார்வையை மருந்து திருப்பித் தராது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். கடைசியில் நடுவும் மூடியது. அம்மா சங்கக்கடையை விட்டார். சமையலை விடவில்லை, கரைக்குப் போவதையும் விடவில்லை. மாமியின் கையைப் பிடித்துக்கொண்டு போனார்.

மாமி என்றால் பிலோமினா, அப்பாவின் அக்கா. ஒரே வளவில் அடுத்த வீடு. அம்மாவைக் குளிக்க அழைத்துப் போனது, மருந்து ஊற்றியது, உடுப்புத் தோய்த்து அலுமாரியில் அடுக்கியது எல்லாம் அவர்தான். அவர் இருந்ததால்தான் நான் கொழும்பில் வேலை பார்க்க முடிந்தது. இதையும் எழுதாமல் விட்டால் நியாயமில்லை.

அப்பா காய்ச்சலில் இறந்தார். அதன் பிறகும் அம்மா கரைக்குப் போவதை நிறுத்தவில்லை. அம்மா ஒரு வருடம் வெள்ளை கட்டினார். அது அவரே ஏற்றுக்கொண்டது. ஆண்டுத் திருப்பலி முடிந்து வீடு வந்ததும் மாமியிடம் கேட்டார்: "மச்சாள், நாளைக்கு அந்தச் சிவப்பை எடுத்துத் தாங்கோ."

"அதெல்லாம் பூச்சி அரிச்சுப்போட்டுது எடித். நான் புதுசு வாங்கித் தாறன்."

வாங்கியும் தந்தார். இது நீலம், இது மஞ்சள், இது ரோஸ் என்று ஒவ்வொன்றாகக் கையில் வைத்தார். எல்லாம் ஒரே வகை வொயில். தடவிப் பார்த்து வேறுபாடு காண முடியாது. அம்மா நம்பினார்.

விடுமுறைக்கு வரும்போதெல்லாம் நான் கண்ட அம்மா வெள்ளையில் இருந்தார், அல்லது சாம்பலில். ஊரில் கணவரை இழந்த பெண்கள் பலர் அப்படித்தான் கட்டுகிறார்கள். அம்மாவும் அப்படி முடிவெடுத்துவிட்டார் என்று நினைத்தேன். கோயிலில் அவரைக் கண்ட ஊரும் அப்படியே நினைத்தது. கண் தெரியாதவரிடம் நிறத்தைப் பற்றிப் பேசுவது நோகடிப்பது என்று எங்கள் ஆட்களுக்கு ஓர் எண்ணம். ஆகவே ஒருவரும் வாய் திறக்கவில்லை.

என் வேலை மென்பொருள் சோதனை. எது எங்கே பிழைக்கும் என்று பார்ப்பது. போன வருடம் அம்மாவுக்கு ஒரு போன் கொண்டு வந்தேன். கமெராவை ஒரு பொருளுக்கு நேரே பிடித்தால் அதன் பெயரைச் சொல்லும். நிறத்தையும் சொல்லும். ஆனால் அதற்குக் காட்டிப் பழக்கிய படங்கள் வேறு நாடுகளின் படங்கள். முதல் நாளே அது தெரிந்துவிட்டது. படலையடியில் நின்ற கழுதையைக் காட்டினோம்.

"குதிரை," என்றது போன்.

"கேட்டீங்களே மச்சாள், எங்கட வாசலில குதிரை நிக்குதாம்," என்றார் அம்மா. "நாங்கள் இப்ப பெரிய ஆக்கள்."

மாமி காய வைத்திருந்த சீலாக் கருவாட்டைக் காட்டினோம். "மரத்துண்டு."

"அது சரியாத்தான் சொல்லுது," என்றார் அம்மா.

குழந்தை யேசு சொரூபத்தைக் காட்டியபோதுதான் சிக்கல். "பொம்மை," என்றது. மாமி சிலுவை போட்டுக்கொண்டார். "இந்தச் சாத்தானை வீட்டுக்குள்ள வைக்காத பிள்ளை."

பிழையைத் திருத்த வழி இருந்தது. ஒரு பொருளைத் திருப்பித் திருப்பிப் பல பக்கமும் படமெடுத்து, அதன் பெயரைக் குரலில் பதிந்துவிட்டால், அடுத்த முறை அதைக் காட்டும்போது பதிந்த குரலே பதில் சொல்லும். அம்மா தன் குரலில் பதிந்தார். பெயரை மட்டும் சொல்லுங்கள் என்றேன். கேட்கவில்லை.

"இது மிளகாய்த்தூள். டினோஜா, மூடியை இறுக்கிப் பூட்டு." டினோஜா நான்தான்.

"இது மச்சாள்ர குடை. மழை பெய்யாட்டியும் எங்கட வீட்டிலதான் கிடக்கும்."

"இவர் குழந்தை யேசு. பொம்மை எண்டு சொன்ன வாயைக் கழுவு."

நான் கொழும்புக்குத் திரும்பினேன். சில வாரம் கழித்து ஒரு மத்தியானம் அம்மா அழைத்தார்.

"போன் பழுதாப்போச்சு பிள்ளை."

"என்ன செய்யுது?"

"சீலையளுக்குப் பேர் பதிவம் எண்டு எடுத்தனான். நிறம் கேட்டா வெள்ளை எண்டுது. மற்றதைக் காட்டினாலும் வெள்ளை. ரோஸைக் காட்டினாச் சாம்பலாம். என்ன கோதாரி போன் இது?"

அந்தச் சேலைகளை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அம்மா அவற்றை ரோஸ் என்றும் மஞ்சள் என்றும் நினைத்திருப்பதை அப்போதுதான் அறிந்தேன். பழுது என்று யார் சொன்னாலும் முதலில் சோதிப்பது என் தொழில். அதைச் செய்தேன்.

"செத்தல் மிளகாயைக் காட்டுங்கோ அம்மா."

அவர் குசினிக்கு நடப்பதும் டின் திறப்பதும் கேட்டன. "சிவப்பு," என்றது போன்.

"தேசிக்காய்?"

"பச்சை."

"சோறு?"

"வெள்ளை."

அம்மா டின் மூடியை இறுக்கிப் பூட்டுவது கேட்டது.

"அப்ப போன் பழுதில்லை."

"இல்லையம்மா."

"உனக்குத் தெரியுமே?"

"வெள்ளை கட்டுறீங்கள் எண்டு தெரியும். நீங்கள் விரும்பித்தான் கட்டுறீங்கள் எண்டு நினைச்சன்."

"போன ஈஸ்டருக்கு, மஞ்சளில நிக்கிறன் எண்டு கோயிலுக்கு முன்னால சிரிச்சுக்கொண்டு நிண்டனான் பிள்ளை," என்றார் அம்மா. "எல்லாரும் பாத்துக்கொண்டு நிண்டிருக்குதுகள்."

போனை வைத்துவிட்டார்.

அன்று பின்னேரம் நடந்ததை றம்லாதான் எனக்குச் சொன்னார். றம்லா சங்கக்கடையில் அம்மாவோடு வேலை செய்தவர், அம்மாவைப் பார்க்க வந்திருந்தார். அம்மா சேலைகளை முற்றத்துக் கதிரையில் போட்டுவிட்டு மாமியைக் கூப்பிட்டாராம்.

"மச்சாள், இதில நீலம் எது?"

மாமி ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்தார். அம்மா போனைப் பிடித்தார். "வெள்ளை."

"மஞ்சள்?"

"வெள்ளை."

"நான் சொல்லுறதை விட அந்தச் சாமான் சொல்லுறதுதான் உனக்குப் பெரிசோ?" என்றார் மாமி. "சொரூபத்தைப் பொம்மை எண்டு சொன்னதுதானே அது."

"அது தெரியாமச் சொன்னது. நீங்கள் தெரிஞ்சு சொன்னீங்கள்."

மாமி அழுதாராம். "தம்பி போயிட்டான். நீ சிவப்போட கரையில போய் நிண்டா ஊர் என்ன கதைக்கும்? உன்னை ஒருத்தரும் ஒரு சொல்லுச் சொல்லக்கூடாது எண்டுதான். உனக்கும் தெரியப்போறதில்லைத்தானே எண்டு..."

"எனக்குத் தெரியாட்டியும் உங்கட தம்பிக்குத் தெரியோணும். மணலும் வெள்ளை, நானும் வெள்ளை எண்டா அவர் என்னெண்டு என்னைக் கண்டுபிடிப்பார்?"

மாமியின் மனம் மாறவில்லை. குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த நாள் அம்மா எங்கள் ஒழுங்கையில் ஓட்டோ ஓடும் மில்ரனைக் கூட்டிக்கொண்டு மன்னார் ரவுணுக்குப் போனார். கடைக்காரர் சேலை ஒன்றை விரித்து, "அம்மா, உங்கட வயசுக்கு இது வடிவா இருக்கும்," என்றார். அம்மா போனைப் பிடித்தார். "சாம்பல்."

"தம்பி, சிவப்புக் கேட்டனான். வயசு கேக்கேல்லை."

அடுத்ததை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் விரிக்கச் சொன்னார். கடை விளக்கில் கமெரா நிறத்தைப் பிழையாகச் சொல்லும் என்று நான் சொல்லிக் கொடுத்திருந்தேன். மில்ரன் ஒரு தலைப்பையும் கடைக்காரர் மறு தலைப்பையும் பிடித்துக்கொண்டு பஸ் நிலைய வீதியில் நின்றார்கள். போகிற சனம் பார்த்தது. "சிவப்பு," என்றது போன். "மிளகாய்ச் சிவப்போ, செங்கல் சிவப்போ?" என்று அம்மா மில்ரனிடம் கேட்டார். அதைச் சொல்லும் அளவுக்குப் போனுக்கு அறிவு போதாது. "தீயணைப்பு வண்டிச் சிவப்பு எடித் மாமி," என்றான் மில்ரன். அம்மா வாங்கினார்.

ஞாயிறு பூசைக்கு அதைக் கட்டிக்கொண்டு போனார். மாமி கூடப் போகவில்லை. முன்வாங்கில் இருந்த ஒருத்தி திரும்பி, "எடித்தக்கா, ஆருக்குக் கலியாணம்?" என்று கேட்டாளாம்.

"எனக்குத்தான். மாப்பிள்ளை சரிவந்தாச் சொல்லியனுப்புறன்."

வெள்ளைச் சேலைகளை அம்மா கைபிடித் துணியாக வெட்டினார். சட்டி இறக்க நல்லது என்றார். அதன் பிறகு கரைக்கு மாமி கூட வருவதில்லை. கோலோடு தனியாகப் போனார். சில நாள் றம்லா போனார். அலுமாரியில் நிறங்கள் கூடின. ஒவ்வொன்றையும் படமெடுத்துக் குரல் பதிந்தார்.

இந்தப் பங்குனியில் அம்மாவுக்கு நெஞ்சடைப்பு வந்தது. நான் கொழும்பிலிருந்து வந்து சேரும்போது எல்லாம் முடிந்திருந்தது.

காலையில் அம்மாவுக்கு உடுத்த வேண்டும். கட்டிலில் புது வெள்ளைச் சேலை மடிப்போடு இருந்தது. மாமி வாங்கி வைத்தது. அறை நிறையப் பெண்கள்.

"கடைசி நேரத்தில சண்டை வேண்டாம் பிள்ளை," என்றார் மாமி. "பெட்டிக்குள்ள சிவப்போட வைக்கிறதே? அவ இனி ஒண்டையும் பாக்கப்போறதில்லை."

"அவ முந்தியும் பாக்கேல்லை மாமி."

அலுமாரியைத் திறந்தேன். சிவப்பாக மட்டும் பல சேலைகள் இருந்தன. எது அம்மாவின் அந்தச் சிவப்பு என்று எனக்குத் தெரியவில்லை. அம்மாவின் போனை எடுத்தேன். மேலே இருந்ததில் தொடங்கி ஒவ்வொன்றாக விரித்துக் கமெராவைப் பிடித்தேன்.

"இது கிளிப்பச்சை. மில்ரனுக்குப் பிடிக்காது. அதால அடிக்கடி கட்டோணும்."

அம்மாவின் குரல். அறையில் யாரோ "யேசுவே" என்றார்கள். நான் நிறுத்தவில்லை.

"இது றம்லா தந்த சிவப்பு. சீலைக்கரை கொஞ்சம் கடிக்கும்."

"இது என்ர சிவப்பு. கரைக்கு. ஆரும் எடுத்து ஒளிக்கக்கூடாது."

மாமி கட்டில் விளிம்பில் அமர்ந்துவிட்டார். நான் போனைக் கட்டிலில் இருந்த வெள்ளைச் சேலைக்கு நேரே திருப்பினேன். அதை அம்மா பதிந்திருக்கவில்லை. போன் தன் சொந்தக் குரலில் பேசியது: "துணி. வெள்ளை."

நான் வெள்ளையை எடுத்து ஓரமாக வைத்தேன்.

சிவப்பைக் கட்டினோம். எனக்குக் கொய்யகம் பிடிக்க வராது. மாமி எழுந்து வந்து என் கையைத் தட்டிவிட்டு, மடிப்பு மடிப்பாகத் தானே பிடித்து ஊசி குத்தினார். "எனக்கு இது சம்மதமில்லை," என்றார். "கடைசிவரைக்கும் இவளுக்கு என்னோட சண்டைதான்." சொல்லிக்கொண்டே முந்தானையை நேராக்கினார்.

விறாந்தையில் பெட்டியை வைத்தோம். மேலே வெள்ளைத் துணி கட்டியிருந்தார்கள். பெட்டியின் உள்துணி வெள்ளை. வந்த பூக்களும் வெள்ளை. வந்தவர்களில் சிலர் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பினார்கள். சிலர் என்னிடம் கேட்டார்கள், இது என்ன பிள்ளை என்று. கேட்ட எல்லாருக்கும் ஒரே பதில் சொன்னேன்: அம்மாவின் சேலை.

மில்ரன் ஓட்டோவை ஒழுங்கை முனையில் நிறுத்திவிட்டு நடந்து வந்தான். படலையடியில் கழுதைகள் நின்றன, விலக்கிக்கொண்டு வந்தான். முகம் கழுவியிருந்தும் அழுதது தெரிந்தது.

"அக்கா, றோட்டில இருந்தே தெரியுது," என்றான்.

"அதுக்குத்தான் கட்டினது," என்றேன்.