செல்விக்குச் சொன்ன வரி

ஹாலிஎலயில் பொட்காஸ்ட் நடத்துகிறேன். பேட்டிகளைச் சுருக்கி, உத்தியோகக்காரர்கள் பார்க்கும் சமூக வலைத்தளத்தில் பதிவாகப் போடுவேன். ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் என்னோடு வளர்ந்து, இப்போது கட்டாரில் கணக்காளராக இருக்கும் அக்காவையும் பேட்டி எடுத்தேன். பதிவைப் பலரும் பாராட்டினார்கள். அக்கா மட்டும் போனில், "செல்விக்குச் சொன்னத எங்கடி?" என்றாள்.

பேட்டியின் நடுவே, "எங்க லயத்து செல்வி இத கேட்டா என்னோட பேசட்டும்" என்று சொல்லியிருந்தாள். செல்வி, சிறுவயதிலேயே தோட்டத்தை விட்டுப் போன அக்காவின் தோழி. அந்தத் தளத்துக்குப் பொருந்தாதென்று லயத்தையும் செல்வியையும் நான்தான் வெட்டினேன்.

"அதுக்குத்தானே பேட்டியே குடுத்தேன்! அவ நல்லா படிக்கிறவ. எங்கயாவது ஆபீஸ்ல இருப்பா."

அந்த வரியை முதலில் வைத்து மறுபடி போட்டேன். இப்போதெல்லாம் எதையும் வெட்டுமுன், இதை யாருக்காகச் சொன்னீர்கள் என்று கேட்டுவிடுகிறேன்.

பாராட்டுகள் இன்னமும் வருகின்றன. அக்கா அவற்றைப் படிப்பதில்லை. எழுதியவர்களின் பெயரை மட்டும் பார்க்கிறாள்.