வெண்மதியின் விரதம்

சிதம்பரம் மேலவீதியில் ஜவுளிக்கடைக்குப் போகிறவர்களுக்கு வெண்மதியைத் தெரியாமல் இருக்காது. கடலூரில் புருஷனும் பிள்ளைகளுமாக இருந்துகொண்டு, சேலை எடுத்துக் காட்டும் வேலைக்குத் தினமும் பஸ்ஸில் வந்து போகிறவள். கடையையே பிரித்துப் போடவைத்துவிட்டு, "வேற கடையும் பாத்துட்டு வர்றோம்" என்று எழுந்து போகிறவர்களிடமும் கோபப்படத் தெரியாது. கொஞ்சம் தெரிந்திருந்தால் தேவலை.

கோதுமை அவளுக்கு ஆகாது. பிடிக்காது என்பதில்லை; ரவை, மைதா, சேமியா எது உள்ளே போனாலும் குடல் புண்ணாகிவிடும். வருஷக்கணக்காக வயிற்றுப்போக்கும் ரத்தசோகையுமாக இளைத்துத் துரும்பான பிறகுதான் புதுச்சேரி டாக்டர் ஒருவர் கண்டுபிடித்தார். மருந்து கிடையாது, ஆயுசு முழுக்கத் தொடாமல் இருப்பதுதான் வைத்தியம் என்றார். கடைப் பெருங்காயத்தில்கூட மைதா கலந்திருக்கும் என்று தெரிந்ததிலிருந்து வெளியிடங்களில் சாம்பார், ரசத்தையும் விட்டுவிட்டாள். ஊருக்குள் கவலையில்லை, வீட்டுச் சோறு இருக்கிறது. சென்னைக்குப் போவதென்றால்தான் பயம்.

இந்தத் தடவை போனது தம்பி அருள்முருகனுக்குப் பெண் முடிக்க. அவனுக்கு முப்பத்தேழு வயசு. நெல்லிக்குப்பத்தில் கூடிவந்த சம்பந்தம் ஒன்று, "அக்காகாரிக்கு என்னமோ குடல் சீக்காம், பரம்பரையா வருமாம்" என்று யாரோ கொளுத்திப் போட்டதில் கலைந்துபோயிருந்தது. அதனால் கடலூரில் அவள் பஸ் ஏறி உட்கார்ந்ததுமே அம்மா இருசம்மாள் காதோடு சொல்லிவிட்டாள்.

"அங்க வந்து கோதும ஆவாது, அது ஆவாதுன்னு வாயத் தொறக்காத. இதுவும் போச்சுன்னா அவன் இப்படியே நிக்க வேண்டியதுதான்."

வெண்மதி தலையாட்டினாள். வெறும் சோற்றில் தயிரை ஊற்றிச் சாப்பிட்டுச் சமாளித்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

அம்பத்தூரில் பெண்ணின் அம்மா விருத்தாம்பாள் வாயெல்லாம் பல்லாக வரவேற்றாள். அவளும் திட்டக்குடிப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள்தான். பெண் கயல்விழியை எல்லோருக்கும் பிடித்துவிட்டது. இனி மாப்பிள்ளை வீட்டார் கை நனைத்தால் சம்மதம் என்று அர்த்தம். முதலில் கேசரி வந்தது. வெண்மதியின் தட்டு மட்டும் அப்படியே இருந்தது.

"என்னம்மா, நாத்தனாரு கையே வக்கல? பொண்ணுகிட்ட எதாவது கொறையா?"

விருத்தாம்பாள் சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். ஆனால் கூடத்தில் எல்லோரும் வெண்மதியின் தட்டைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஐயோ, அதெல்லாம் இல்லீங்கம்மா. இன்னைக்கு எனக்கு விரதம்."

தப்பித்தோம் என்று அவள் மூச்சு விடுவதற்குள் விருத்தாம்பாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"அட, கிருத்திகை! முருகா, எனக்குத் தோணவே இல்லியே. அப்ப நீ சோத்துல கை வக்கக் கூடாதும்மா. இரு, உனக்குன்னு கோதும ரவ உப்புமா கிண்டிடறேன்."

விரத நாளில் அரிசியைத் தள்ளிவிட்டுக் கோதுமையைச் சாப்பிடுவதுதானே நம் வீடுகளில் வழக்கம். பிறந்ததிலிருந்து பார்த்து வந்தது, அந்த ஒரு நிமிஷம் பாவிக்கு மறந்து தொலைந்தது.

"வேணாங்கம்மா, ஒரு டம்ளர் பால் போதும்."

"மொதமொதல்ல வந்த வூட்ல பட்டினியா போறதா? நல்லா இருக்கே!"

எல்லோர் இலையிலும் ஆவி பறக்கச் சோறு விழுந்தது. அவள் இலையில் முந்திரி போட்ட உப்புமா, மேலே நெய். பெண்ணின் அம்மா பக்கத்திலேயே நின்றாள். வெண்மதி தன் அம்மாவைப் பார்த்தாள். சாப்பிடு என்று அம்மா கண்ணாலேயே சொன்னாள். தம்பியைப் பார்த்தாள். அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவனே அவன்தான். அவனோ சாம்பாரைப் பிசைந்துகொண்டு தலையை நிமிர்த்தவே இல்லை. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதுதான் அவளுக்கு ரொம்ப வலித்தது. இலையில் துளி மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு எழுந்தாள்.

திரும்பும் பஸ் திண்டிவனம் தாண்டுவதற்குள் வயிற்றைப் பிசைய ஆரம்பித்தது. நிற்க இடமில்லாத கூட்டம். இனி புதுச்சேரியில்தான் நிற்கும் என்றார் கண்டக்டர். அவள் ஜன்னலோரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டிருந்தபோது அம்மாவின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் விருத்தாம்பாளின் குரல்.

"எங்களுக்குப் பூரண சம்மதம், சம்மந்தி. நாள் குறிச்சிடலாம். அப்புறம், வெண்மதி எந்தெந்த நாளு விரதம் இருக்கும்னு கேட்டுச் சொல்லுங்க. அது இங்க வர்றப்பல்லாம் நானே கோதுமையில எதுனா செஞ்சி வச்சிடறேன்."

இருசம்மாள் மகள் பக்கம் திரும்பவில்லை. "அதுக்கென்ன சம்மந்தி, செய்ங்க. எம்பொண்ணுக்கு எதுன்னாலும் ஒத்துக்கும்."

அம்மா என்று கூப்பிட வெண்மதி வாயைத் திறந்தாள். வாந்திதான் வந்தது.