கண்ணில் அடிபட்டதில்லை என்று கையெழுத்துப் போட்டோம்

எம்.ஆர்.ஐ. அறையின் வாசல் வரை போய்த் திரும்பி வந்தோம்.

காரணம் என் கணவர் சொன்ன ஒரு ‘இல்லை’. அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டவள் நான்.

அதற்கு மூன்று வாரம் முன்பு பாகலூர் ரோட்டில் வண்டி சறுக்கி விழுந்தார். தலையில் நாலு தையல். அது ஆறிவிட்டது.

ஆறாதது இடது கண். வெளிப்பக்கமாகத் திரும்பவே இல்லை. எதைப் பார்த்தாலும் இரண்டாகத் தெரிந்தது.

அவருக்கு வேலை கிரைண்டிங் செக்‌ஷனில். சுற்றுகிற கல் இரண்டாகத் தெரிந்தால் கையை எங்கே கொண்டுபோய் வைப்பார்? பார்வை சரியாகும் வரை மெஷின் பக்கம் வரக்கூடாது என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். நியாயம்தான். ஆனால் சரியாகுமா என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை.

நரம்பு டாக்டர் எம்.ஆர்.ஐ. எழுதினார். விழுந்த அன்றே சி.டி. எடுத்தாயிற்றே, இன்னொன்று எதற்கு என்று கேட்டேன். (யார் எந்த ஸ்கேன் எழுதினாலும் எதற்கு என்று கேட்பது என் வழக்கம்.)

“சி.டி.ல எலும்பு தெரியும், ரத்தக்கசிவு தெரியும்மா. கண்ணைத் திருப்புற நரம்பு நூல் மாதிரி. அது அறுந்திருக்கா இல்லையான்னு பாக்கணும்னா எம்.ஆர்.ஐ.தான்.”

ஒப்புக்கொண்டேன்.

ஸ்கேன் சென்டரில் டெக்னீஷியன் ஒரு பெண். முப்பது வயதுகூட இருக்காது. படிவத்தை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே போனார்.

“சார், பேஸ்மேக்கர் இருக்கா?”

“இல்லம்மா.”

“உடம்புல எங்கியாவது பிளேட்டு, ஸ்க்ரூ?”

“இல்ல.”

“கண்ல எப்பயாச்சும் இரும்புத் துண்டு பட்டு அடிபட்டிருக்கா?”

“அதெல்லாம் இல்லம்மா.”

நான் கையெழுத்துப் போட்டேன். இவர் வாட்சையும் பெல்ட்டையும் கழற்றி, எங்களைக் காரில் கூட்டிவந்த வெங்கடேஷிடம் கொடுத்தார். வெங்கடேஷ் பக்கத்து மெஷின்காரர். வீட்டில் தெலுங்கு, எங்களிடம் தமிழ்.

“ஏமண்ணா, இல்லன்னுட்ட? போன மாசம்கூட உன் கண்ல நான்தானே பொடி எடுத்தேன்?”

“டேய், அது தூசிடா. அந்தம்மா அடியத்தானே கேக்குது.”

டெக்னீஷியன் பேனாவை மூடிவிட்டார்.

“எத்தனை தடவை சார் எடுத்திருக்கீங்க?”

இரண்டு பேரும் சிரித்தார்கள். “அதெல்லாம் எண்ண முடியுமாம்மா.”

அங்கே நின்றுதான் நான் முதல் முறையாக அவர்கள் செக்‌ஷன் வழக்கத்தைக் கேட்டேன். கண்ணில் பொடி விழுந்தால் ஒருவர் இமையைப் பிரித்துப் பிடிப்பாராம். வெங்கடேஷ் கைக்குட்டை நுனியைத் திரித்து எடுப்பாராம். பிறகு டீ. பிறகு மெஷின்.

கம்பெனி ரிஜிஸ்டரில் ஏறினால் அடி. கைக்குட்டையில் வந்தால் தூசி. இவர் பொய் சொல்லவில்லை, அவர்கள் கணக்குப்படி உண்மையைத்தான் சொன்னார்.

(பாதுகாப்புக் கண்ணாடி? “போட்டா வேர்க்குது.”)

“உள்ள இருக்கிறது பெரிய காந்தம் சார். கண்ணுக்குள்ள துணுக்கு ஏதாவது இருந்து அது அசைஞ்சா பார்வையே போயிடும். மொதல்ல கண்ணுக்கு எக்ஸ்ரே எடுத்துட்டு வாங்க.”

கோபமே இல்லாமல் சொன்னார்.

எக்ஸ்ரேயில் வலது கண் பக்கம் ஒரு வெள்ளைப் புள்ளி.

கண் டாக்டர் கீழ் இமையை மடித்துப் பார்த்தார். சவ்வுக்குள் பொதிந்து கிடந்தது. மரத்துப்போக மருந்து விட்டுப் பத்து நிமிடத்தில் எடுத்துப் பஞ்சில் வைத்துக் காட்டினார். கசகசாவில் பாதி இருக்கும்.

“இவ்ளோதானா?” என்றார் இவர்.

வெங்கடேஷ் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுபடி எக்ஸ்ரே. சுத்தம். மறுநாள் ஸ்கேன்.

முக்கால் மணி நேரம் கழித்து வெளியே வந்தவரிடம் பயமாக இருந்ததா என்று கேட்டேன்.

“நம்ம பிரஸ் ஷாப்ப விட சத்தம் கம்மிதான்.”

சாயங்காலம் டாக்டர் திரையில் காட்டினார். மூளையைச் சுற்றி வெள்ளையாக நீர், அதற்கு நடுவே நரம்பு, மெல்லிய கறுப்புக் கோடு. வலது பக்கம் ஒன்று. இடது பக்கமும் ஒன்று.

“பாருங்க, அறுந்து போகல. முழுசா வருது. அடி வாங்கியிருக்கு, அவ்ளோதான்.”

“அப்ப சரியாயிடுமா சார்?”

“ஆறு மாசம் டைம் குடுங்க. நெறைய பேருக்குத் திரும்பி வந்திருக்கு. உங்களுக்கும் வரும்னு எழுதிக் குடுக்க மாட்டேன்.”

எழுதிக் கொடுக்க மாட்டேன் என்றதும்தான் எனக்கு அவர் மேல் நம்பிக்கை வந்தது.

இது நடந்து ஐந்து வாரம். தினமும் காலையில் அவருக்கு இடப்பக்கமாகப் பேனாவை நீட்டி, எத்தனை என்று கேட்கிறேன். தினமும் இரண்டு.

இன்று காலையும் இரண்டுதான்.

“ஆனா ரெண்டும் கிட்ட வந்துடுச்சு. நடுவுல ஒரு வெரல் போவாது.”

நான் லேசில் நம்புகிறவள் இல்லை. இடம் மாற்றி, தூரம் மாற்றி, பேனாவுக்குப் பதில் கரண்டி பிடித்து, மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் அதே பதில்.

வெங்கடேஷுக்கு போன் செய்து சொன்னேன். அவர் இப்போது கண்ணாடி போட்டுத்தான் மெஷினில் நிற்கிறாராம். “வேர்க்குது அண்ணி. வேர்த்தா வேர்க்கட்டும்.”

உங்கள் வீட்டில் லேத்திலோ, கிரைண்டிங்கிலோ, வெல்டிங்கிலோ இருப்பவர்களுக்கு எம்.ஆர்.ஐ. எழுதியிருந்தால், கண்ணில் அடிபட்டிருக்கிறதா என்று கேட்காதீர்கள். இல்லை என்றுதான் சொல்வார்கள்.

“உங்க கண்ல விழுற தூசிய யார் எடுப்பாங்க?” என்று கேட்டுப் பாருங்கள்.

பதிலாக ஒரு பெயர் வந்தால், முதலில் எக்ஸ்ரே.