தெரியும் என்றார் அண்ணி

சொட்டு மருந்துப் புட்டியின் சிவப்பு மூடியைத்தான் முதலில் அண்ணியின் முன்னால் நீட்டினேன். சாயங்காலம், எங்கள் வீட்டு நடு அறையில், டியூப்லைட்டுக்கு நேர் கீழே ஸ்டூலில் உட்கார வைத்து இடது கண்ணை மூடச் சொன்னேன். "சேப்பு" என்றார். பிறகு வலது கண்ணை மூடச் சொல்லி அதே மூடியைக் காட்டினேன். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "இது பழைய செங்கல்லு கலர்ல இருக்குது பாப்பா. வேற மூடியா?" என்று கேட்டார். வேறு மூடி ஏதும் என் கையில் இல்லை.

அண்ணி என் அண்ணனின் மனைவி. வில்லியனூரைத் தாண்டி இருக்கும் எங்கள் ஊரிலிருந்து தினமும் கம்பெனி பஸ்ஸில் மேட்டுப்பாளையத்துக்குப் போய்வருவார். வண்டிகளுக்கான ஒயர்க் கட்டுகளைச் செய்கிற கம்பெனி. சிவப்பு, பிரவுன், ஆரஞ்சு என்று நிறம் பார்த்து ஒவ்வொரு ஒயரையும் அதனதன் ஓட்டையில் செருக வேண்டும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வேலையில் அண்ணியை ஒருவரும் ஒரு குறை சொன்னதில்லை. அந்த வாரம் மட்டும் சிவப்பு போகிற இடத்தில் பிரவுனைச் செருகி சூப்பர்வைசரிடம் இரண்டு முறை வாங்கிக் கட்டிக்கொண்டார். கண்ணை உருட்டினால் உள்ளுக்குள் வலிக்கிறது என்றும் சொன்னார். பாண்டியில் ஒரு தனியார் கண் ஆஸ்பத்திரியில் எனக்கு வேலை. டாக்டரிடம் போவதற்கு முன் நோயாளிகளை எழுத்து அட்டையைப் படிக்க வைத்து, எந்த வரி வரை தெரிகிறது என்று சீட்டில் எழுதிக் கொடுப்பேன். "எங்க வூட்டு கண்ணு டாக்டரு" என்று அண்ணி என்னைக் கிண்டல் செய்வார். அன்று கிண்டல் வரவில்லை.

மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்ப் பார்ப்பதற்குள் இடது கண்ணில் அட்டையின் மேல் வரிகூட மங்கிப்போயிருந்தது. ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, கண்ணையும் மூளையையும் சேர்க்கிற நரம்பு வீங்கியிருக்கிறது என்றார் எங்கள் டாக்டரம்மா. "முக்கால்வாசிப் பேருக்குப் பார்வை திரும்பி வந்துடும். உங்களுக்கு எவ்வளவு வரும்னு இப்பவே சொல்ல முடியாது. ஒரு மாசம் கழிச்சு எவ்வளவு தெரியுதோ, அதை வச்சுத்தான் மேல சொல்ல முடியும்." அண்ணன் அந்த ஒரு மாதம் முடிகிற நாளைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்தான். கம்பெனியிலும் அப்படித்தான், இரண்டு கண்ணும் சரியாக இருக்கிறது என்று டாக்டர் சீட்டு கொண்டுவந்தால்தான் பழைய இடம் என்று சொல்லிவிட்டார்கள்.

மூன்று நாள் டிரிப்ஸ் ஏற்றினார்கள். நம்ம ஆள் வந்தால் வரிசையில் நிற்க விடுவோமா? காலையிலேயே அழைத்துவந்து என் அறையில் உட்கார வைத்துக்கொண்டேன். படுக்கை காலியாகிறவரை அண்ணி அங்கேதான் இருந்தார். எதிரே அட்டை. அண்ணியின் வாய் சும்மா இருக்குமா? நல்ல கண்ணால் அதைப் பார்த்துப் பார்த்து, "ட, ர, ம, ப, க. இது இன்னா பாப்பா, யாரு பேரு இது?" என்று சிரித்தார். கடைசி வரி வரைக்கும் ராகம் போட்டு வாசித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். நான்கு பரிசோதனை அறைகள் இருந்தும், அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் அண்ணியை என் அறைக்கேதான் கூட்டிப்போனேன். அதை மரியாதை என்றே நினைத்தேன்.

எங்கள் அட்டைக்கு இரண்டு பக்கம் உண்டு. ஒரே ஆள் மறுபடி வந்தால் அடுத்த பக்கத்தைத் திருப்பிவிட வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எனக்குச் சொல்லிக்கொடுத்தது அது. முகம் தெரியாத ஆயிரம் பேருக்கு நான் ஒழுங்காகத் திருப்பியிருக்கிறேன். வட்டம் போட்ட அந்த நாளில், ஓபி திறப்பதற்கு முன்பே அவசர அவசரமாக அண்ணியை உட்கார வைத்தபோது திருப்பவில்லை. சோம்பேறித்தனம் என்றே சொல்லிவிடுகிறேன். வலது கண்ணை மறைத்துவிட்டு, "அஞ்சாவது வரி தெரியுதா அண்ணி?" என்று கேட்டேன்.

"தெரியும்."

"சொல்லுங்க."

அண்ணி ஐந்தாவது வரியைச் சொன்னார். ஆறாவதையும் சொன்னார். ஓர் எழுத்து பிசகவில்லை. எனக்குப் பெருமை பிடிபடவில்லை, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எழுதிக் கொடுத்த சீட்டைப் பார்த்த டாக்டரம்மா கண்மணியில் டார்ச் அடித்து, "வெளிச்சத்துக்கு இன்னும் கொஞ்சம் மந்தமாத்தான் இருக்கு. ஆனா எழுத்து இவ்வளவு வந்துடுச்சுன்னா பயமில்ல, மீதியும் வந்துடும்" என்றார். ரத்தத்தில் பார்க்க நினைத்திருந்த பரிசோதனை வேண்டாம் என்று விட்டுவிட்டார். மாத்திரையையும் படிப்படியாக நிறுத்தச் சொன்னார். அண்ணன் வழியெல்லாம் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வண்டி ஓட்டினான். அண்ணி மட்டும் பின்னால் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்து வந்தார். களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

டாக்டரம்மா சீட்டைக் காட்டியதும் கம்பெனியில் பழைய இடம் கிடைத்தது. நல்ல கண்ணை வைத்தே ஓட்டியிருக்கிறார். வீட்டில் கேட்டால், "பரவால்ல" என்பார். மூன்றாம் மாதம் மறுபடி காட்டப் போன அன்று என் அறை அட்டைக்கு மேலே இருக்கும் பல்பு எரியவில்லை. பக்கத்து அறைக்குக் கூட்டிப்போனேன். அங்கே இருந்தது வேறு அட்டை. வலது கண்ணை மறைத்தேன். "முதல் வரி?" முதல் வரியில் இருப்பது ஒரே எழுத்து, உள்ளங்கை அகலத்துக்கு. அண்ணி தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார். பிறகு மெல்லிய குரலில், "இது வேற பாடமா பாப்பா?" என்று கேட்டார்.

"அன்னிக்கு எல்லாம் தெரியுதுன்னு சொன்னீங்களே அண்ணி" என்றேன். குரல் கொஞ்சம் கோபமாகவே வந்துவிட்டது. "நான் எங்க தெரியுதுன்னு சொன்னேன்? தெரியும்னுதான சொன்னேன். அந்த எழுத்தெல்லாம் எனக்குத் தெரியும். சொல்லுன்ன, சொன்னேன். நீங்க எல்லாரும் வந்துடுச்சு வந்துடுச்சுன்னீங்க. அப்ப வந்துடும்போலன்னு இருந்துட்டேன்." மனப்பாடம் செய்ததை ஒப்பித்துவிட்டு வாத்தியார் முகத்தைப் பார்க்கிற பிள்ளையைப் போல என்னைப் பார்த்தார். தெரிந்தே என்னை ஏமாற்றினாரா, நல்ல வார்த்தை கேட்கும் ஆசையில் தன்னையே ஏமாற்றிக்கொண்டாரா என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். அவர் பொய் சொல்லவில்லை என்பதுதான் என்னை அதிகம் அறுக்கிறது. அவர் சொன்னது எனக்குத்தான் சரியாகக் காதில் விழவில்லை.

உள்ளே பார்த்த டாக்டரம்மா, நரம்பு வெளுத்துவிட்டது என்றார். ரத்தப் பரிசோதனையில் இது சாதாரண வீக்கம் இல்லை, மறுபடி மறுபடி வரக்கூடியது என்று தெரிந்தது. அடுத்த கண்ணைக் காப்பாற்ற ஆண்டுக்கணக்கில் மாத்திரை. அன்று எல்லோரும் போன பிறகு அவரிடம் தனியாகப் போய், அட்டையைத் திருப்பாமல் விட்டதைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ஒரு மாசத்துலயே தெரிஞ்சிருந்தா வேற வைத்தியம் கொடுத்திருப்பேன். ஓரளவு வந்திருக்க வாய்ப்பு இருந்துச்சு. எவ்வளவுன்னு என்னால சொல்ல முடியாது" என்றார்.

இப்போது அண்ணிக்கு கம்பெனியில் அட்டைப்பெட்டி ஒட்டுகிற வேலை. நிறம் பார்க்கத் தேவையில்லை. இடது பக்கமாக யாராவது வந்தால் திடுக்கிடுகிறார். சோறு போடும்போது தட்டைத் தாண்டிக் கொஞ்சம் விழுந்தால், நாங்கள் பார்ப்பதற்குள் துடைத்துவிடுகிறார். நான் இப்போதெல்லாம், "தெரியுதா?" என்று நோயாளிகளைக் கேட்பதேயில்லை. என்ன எழுத்து என்று மட்டும் கேட்கிறேன். அதனால் அண்ணிக்கு என்ன பிரயோஜனம்?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். திடீரென்று, "பாப்பா, உன்ன ஒண்ணு கேக்கணும். அந்த ஒரு மாசத்துலயே கண்டுபுடிச்சிருந்தா என் கண்ணு வந்திருக்குமா?" என்றார். நான் வெங்காயத்திலிருந்து தலையை எடுக்காமல், "வந்திருக்காது அண்ணி. உங்களுக்கு வந்த வியாதி அப்படி. என்ன பண்ணியிருந்தாலும் வந்திருக்காது" என்றேன்.

அண்ணி கத்தியைக் கீழே வைத்தார்.

"இந்த வார்த்தைக்குத்தான் காத்துட்டிருந்தேன். நாந்தான் அன்னிக்கு ஒப்பிச்சு என் கண்ண நானே கெடுத்துக்கிட்டேனோன்னு நெனச்சிட்டிருந்தேன். உங்கண்ணன்கிட்ட கூட சொல்லல, சொன்னா என்ன வெறுத்துடுவாரோன்னு. நீ படிச்ச புள்ள, நீ சொன்னா சரியா இருக்கும்."

தப்பு என்னுடையது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அண்ணி சுவரைப் பிடித்து எழுந்து, "இரு, உனக்கு காபி போட்டு எடுத்தாறேன்" என்று உள்ளே போனார். நான் கூப்பிடவில்லை.